பதின்ம வயதின் உறக்கம்

பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில், காலையில் ஒலிப்பது பெரும்பாலும் பிள்ளையை எழுப்புகிற குரல்தான். "ராத்திரி பூரா முழிச்சிருந்துட்டு, இப்ப என்ன தூக்கம்?" என்கிறார் அம்மா. செல்போனுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் முழுப் பழியும் அதற்கல்ல.

பருவ வயதில் உடலுக்குள் இருக்கும் கடிகாரமே பின்தங்கிவிடுகிறது. உறக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன், சிறு வயதில் சுரந்ததைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. அந்தப் பிள்ளைக்குத் தேவையோ 8 முதல் 10 மணி நேர உறக்கம். விடியற்காலை 5 மணிக்கு ட்யூஷன் என்றால் கணக்கு எப்படிச் சரியாகும்?

தூக்கம் குறைந்தால் உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதி வேகம் கொள்கிறது. அதை அடக்கும் மூளை முன்பகுதியின் பிடி தளர்கிறது. சின்னச் சொல்லுக்குக் கதவை அறைந்து சாத்துவது, காரணம் சொல்லத் தெரியாத அழுகை... இதற்கெல்லாம் திமிர் என்று பெயர் வைக்குமுன், "ராத்திரி எத்தனை மணிக்குப்பா தூங்குனே?" என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளி நேரத்தையே தள்ளி வைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. கிடைத்த நேரத்தையும் பிள்ளைகள் விழித்தே கழிப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆய்வாளர்கள் மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். முந்தைய ஆண்டு மாணவர்களைவிட இவர்கள் நாளுக்கு 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள்.