தள்ளாடும் சுண்டெலி தந்த விடை

கருவில் வளரும் மூளையின் நரம்புக்கலங்கள் பிறந்த இடத்திலேயே தங்கிவிடுவதில்லை. மூதூர் இறங்குதுறையை நாடும் படகுகளைப்போல் மேற்பட்டையை நோக்கிச் செல்கின்றன. பிந்தி வருபவை முந்தியவற்றைக் கடந்து அமர்கின்றன. 1951 இல் பால்கனர் என்னும் ஆய்வாளர் விவரித்த, தள்ளாடி நடக்கும் ஒருவகைச் சுண்டெலியில் இவ்வொழுங்கு குலைந்திருந்தமை பின்னர் தெரிந்தது.

காரணம் யாது? யப்பானிய ஆராய்ச்சியாளர் நலமுள்ள சுண்டெலிக் கருவின் மூளைச்சாற்றை அத்தள்ளாடும் சுண்டெலிக்கே ஊசிமூலம் ஏற்றினர். தன்னிடம் இல்லாத புரதத்தை அதன் உடல் அந்நியமெனக் கண்டு, பிறபொருளெதிரியை ஆக்கிற்று. அவ்வெதிரியோ நலமுள்ள மூளையின் மேற்பட்டை விளிம்பிலுள்ள கலங்களிற் பற்றி, அப்புரதத்தின் இருப்பிடத்தைக் காட்டிற்று. இவ்வாய்வு வெளிவந்த 1995 இலேயே அமெரிக்க ஆய்வாளர் மரபணுவைக் கண்டு, புரதத்திற்கு ரீலின் எனப் பெயரிட்டனர்.

மூளை மடிப்புகள் குறைந்து பிறந்த சில குழந்தைகளிடத்தும் அம்மரபணுவே பழுதுற்றிருந்தமை 2000 இல் புலனாயிற்று. குறையுடைய சிற்றுயிரே அக்குறையை அறியும் கருவியையும் தந்தது.