சுட்டவன் யார்? சொல்லிக் கொடுத்தவன் யார்?

(கம்பத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஒருவன் ஒருவரைச் சுட்டுக் கொன்றானென்றால், "அவன் ஒரு பைத்தியக்காரன்" என்று சொல்லிவிட்டு நம்மவர்கள் டீக்கடையைவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நாம் கேட்கிறோம்: உங்கள் வயலில் பாயும் தண்ணீர் மடையிலேயே ஊறியதா? 1895-ல் திறந்த பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த வழியாக அல்லவா வருகிறது? தண்ணீருக்கு மூலம் தேடுகிற புத்தி ரத்தத்துக்கு மட்டும் ஏன் தேடக் கூடாது?

1948 ஜனவரி 20-ந் தேதி டில்லியில் காந்தியாரின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. மதன்லால் என்பவன் அங்கேயே பிடிபட்டான். அப்படியிருந்தும் பத்தாம் நாள் கோட்சே சுட்டான். வழக்கில் விசாரிக்கப்பட்டவர்கள் 8 பேர். ஒருவரை விடுவித்து 7 பேரைத் தண்டித்தார்கள். அப்பீலில் இருவர் விடுதலையாயினர். மிஞ்சிய ஐந்து பேருக்கும் ஒரே நாளிலா பைத்தியம் பிடித்தது?

அது பழங்கதையென்பீர்கள். மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் கேட்ட தபோல்கர் 2013-ல் புனாவில் சுடப்பட்டார். 2015-ல் கோலாப்பூரில் பன்சாரே, தார்வாரில் கல்புர்கி. 2017-ல் பெங்களூரில் கௌரி லங்கேஷ். கல்புர்கியையும் கௌரியையும் கொன்றது ஒரே துப்பாக்கியென்று, தோட்டாக்களை ஒப்பிட்டுப் பரிசோதித்த பின் கர்நாடகப் போலீசார் கூறினர். தபோல்கர் வழக்கில் 2024-ல் சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, மூவர் விடுதலை. ஏவியது யாரென்பது மட்டும் தீரவில்லை. மடை அடைபட்டது, மூலம் அப்படியே இருக்கிறது.

இது ஒரு மதத்தின் நோய் மட்டுமன்று. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கடவுளை மறுத்த பாரூக், 2017-ல் நமது கோயமுத்தூரிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். "கேள்வி கேட்பவன் துரோகி, துரோகியைக் கொல்வது புண்ணியம்" என்கிற உபதேசம் எங்கிருக்கிறதோ அங்கெல்லாம் கத்தி முளைக்கும்.

அதற்காகப் பதிலுக்குப் பதில் கூடாது. கோட்சே செய்ததற்காக 1948-ல் மராட்டிய நாட்டில் பார்ப்பனர் வீடுகளைக் கொளுத்தினார்களே, அதனால் எந்த உபதேசம் ஒழிந்தது? குற்றமற்றவர்கள் அழிந்ததுதான் மிச்சம். 1989-ல் போடியில் ஜாதிக் கலவரத்தில் உயிர்கள் போனதைக் கண்ட பெரியவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். தூண்டியவர்கள் வீட்டிலா பிணம் விழுந்தது? கூலிக்காரன் வீட்டிலல்லவா விழுந்தது!

ஆகவே தோழர்களே! நாளை ஒருவன் வந்து, "அந்த ஜாதிக்காரன் அடித்துவிட்டான், புறப்படு" என்றால், அரிவாளைத் தேடாதீர்கள். "நீ கண்ணால் பார்த்தாயா? உனக்கு யார் சொன்னது? இதனால் யாருக்கு லாபம்?" என்று கேளுங்கள். நம்மையும் அப்படியே கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கட்சி எதுவாயினும், அது நம்முடையதாகவே இருந்தாலும், அதன் பின்னால் போகாதீர்கள்.