எந்நேரமும் விழிப்பு வேண்டும்
(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

திருட்டு என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது நள்ளிரவே. சட்டமும் இரவுக் களவைக் கடுமையாகக் கருதுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 331ஆம் பிரிவின்படி, திருடும் நோக்குடன் பகலில் வீட்டை உடைத்துப் புகுந்தால் 10 ஆண்டுகள் வரையிலும், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் புகுந்தால் 14 ஆண்டுகள் வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கலாம். திருடனுக்கோ வேளை ஒரு பொருட்டில்லை. ஆளில்லாத வீட்டையும் அசட்டையான வீட்டையுமே அவன் தேடுகிறான். ஆகவே, ஒரு நாளின் ஒவ்வொரு வேளையையும் நாம் எண்ணிப் பார்ப்போமாக.

அதிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் புறப்படும்போது, வீட்டார் உறங்குகிறார்களே என்று கதவை வெறுமனே சாத்திவிட்டு வருவோர் நம்மில் உண்டு. வெளியே கொண்டி மாட்டுவதும் தகாது. தீ விபத்து நேரின் உள்ளிருப்போர் வெளியேற இயலாது. வெளியே சாவியாலும் உள்ளே கையாலும் திறக்கும் பூட்டே ஏற்றது.

முற்பகலில் ஆபத்து கதவைத் தட்டிக்கொண்டே வருகிறது. நகைக்கு மெருகேற்றித் தருவதாகவும், மின்வாரியத்திலிருந்து வருவதாகவும் கூறி ஏமாற்றுவோர் பலர். கணவர் வெளிநாட்டில் இருக்க, முதியோருடன் தனித்திருக்கும் சகோதரிகள் சங்கிலி மாட்டிய கதவிடுக்கிலேயே பேசி அனுப்பிவிட வேண்டும். அடையாள அட்டை கேட்பது அவமரியாதை ஆகாது.

வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆவுக்கும், ரமலான் இரவுகளில் தராவீஹுக்கும் தெருவே வெறிச்சோடிவிடுகிறது. இந்நேரங்களில் கொல்லைப்புறக் கதவும் மொட்டைமாடிக் கதவும் தாழிடப்பட்டுள்ளனவா என்று பார்த்த பின்னரே புறப்பட வேண்டும். சாவியைப் பூந்தொட்டியிலும் மீட்டர் பெட்டியிலும் வைப்பது, திருடனிடமே கொடுப்பதற்கு ஒப்பாகும். இரவில் காற்றுக்காகச் சன்னலைத் திறந்து உறங்குவோர், கைபேசியையும் சாவிக்கொத்தையும் நகைகளையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தலாகாது.

உம்ராவுக்கோ உறவினர் திருமணத்திற்கோ வெளியூர் செல்வோர், பாலும் நாளிதழும் வாசலில் சேராதபடி நிறுத்தி வைக்க வேண்டும். காவல் நிலையத்திலும் நம்பிக்கையான அண்டை வீட்டாரிடமும் தெரிவித்துச் செல்ல வேண்டும். பயணப் படங்களைத் திரும்பி வந்த பின்னர் பகிரலாமே!

மகளின் திருமணத்திற்கென வளைகுடா வெயிலில் உழைத்துச் சேர்த்த நகை அலமாரியில் இருப்பது முறையன்று. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வங்கியின் கவனக்குறைவால் பெட்டகப் பொருள் களவு போனால், ஆண்டு வாடகையின் 100 மடங்கு தொகைக்கு வங்கி பொறுப்பாகும். நகைகளைப் படமெடுத்து, எடையையும், ஹால்மார்க்கில் உள்ள 6 இலக்கக் குறியீட்டையும் குறித்து வைப்பது, மீட்கப்பட்ட நகை நம்முடையதே என மெய்ப்பிக்க உதவும்.

இவ்வளவுக்குப் பின்னும் களவு நேர்ந்தால் என் செய்வது? திருடன் உள்ளே இருப்பதாகத் தோன்றினால் மோத வேண்டாம். வெளியேறி 112 எண்ணை அழைக்க வேண்டும். பொருள் போகட்டும், உயிரே பெரிது. கைரேகை அழியாதிருக்க, காவலர் வரும்வரை எதையும் தொடலாகாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது நமது உரிமை.

மற்றொன்றையும் வலியுறுத்த விரும்புகிறோம். களவு போனவுடன் வீட்டு வேலை செய்யும் அம்மையார் மீதும், வடமாநிலத் தொழிலாளி மீதும் விரல் நீட்டுவது எளிது. நகை திரும்பக் கிடைக்கலாம். பழிசுமந்த ஏழையின் நற்பெயரை யார் மீட்டுத் தருவது? ஐயமிருப்பின் காவலரிடம் மட்டும் கூறுவோம். தெருவில் தீர்ப்பளிக்க வேண்டாம்.

தவக்குல் என்பது கதவைத் திறந்துவைத்து உறங்குவதன்று. தாழிட வேண்டியதைத் தாழிட்டு, அண்டை வீட்டையும் நம் வீடாய்க் கண்காணித்து, அதன்பின் இறைவனிடம் ஒப்படைப்போம். வல்ல இறைவன் நம் இல்லங்களையும் உள்ளங்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.