ஒதுங்கி நின்ற அரசை நாம் பார்த்திருக்கிறோம்

பின்னால் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலேயே கேட்டுக்கொண்டிருக்கும் என் தம்பிமார்களே, தங்கைகளே!

இளைய வாக்காளர்கள் லிபர்டேரியன் அரசியல் பக்கம் சாய்கிறார்களா என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அது என்ன அரசியல் என்று ஓர் அம்மா கேட்கிறார். சொல்கிறேன் அம்மா. அரசாங்கமே, தள்ளி நில்! வரியைக் குறை, பெர்மிட்டை எடு, என் பிழைப்பை நானே பார்த்துக்கொள்கிறேன். இவ்வளவுதான். அர்ஜென்டினாவில் ஹாவியர் மிலே என்பவர் இதைச் சொல்லிக்கொண்டு, செயின்சாவைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார். 2023 நவம்பரில் அதிபர் தேர்தலிலேயே ஜெயித்துவிட்டார். இளைஞர்கள் அள்ளிக் கொடுத்தார்கள் ஓட்டை.

செயின்சாவை நமக்கு யாரும் காட்ட வேண்டியதில்லை. தோட்டத்தில் ரப்பர் பால் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது கேட்ட சத்தம் நம் காதில் இன்னும் இருக்கிறது. மரம் சாய்ந்தது, அடுத்து நாம் குடியிருந்த லயமும் சாய்ந்தது. எந்த ஊருக்கு எத்தனை குடும்பம் போனது என்று கணக்கு வைத்திருப்பவர் யார்?

சரி, நம் நாட்டுக்கு வருகிறேன். இந்தப் பேரில் நின்று ஜெயித்த கட்சி இங்கே கிடையாது. கருத்து உண்டு. 2010இல் தொடங்கிய ஐடியாஸ் ஆய்வு நிறுவனம் தனிமனித சுதந்திரத்தையும் திறந்த சந்தையையும் பேசுகிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் யார்? நம் நெகிரி செம்பிலான் அரச குடும்பத்துத் துங்கு ஜைன் அல்-அபிடின்! அவர்கள் எழுதுவதைத் தம்பிமார்கள் வாசிக்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.

ஓட்டுப் பெட்டி என்ன சொல்கிறது? 2019 ஜூலை 16ஆம் நாள் நாடாளுமன்றத்தில் 211 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்து ஒரு கை எழவில்லை, வாக்களிக்கும் வயது 18 ஆனது. 2022 பொதுத்தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இரண்டு கோடிப் பேருக்கு மேல். மலாய் இளைஞர்கள் திரளாகப் போனது பெரிகாத்தான் கூட்டணிப் பக்கம். இளைஞர் கட்சியென்றே வந்த மூடா, 2023 மாநிலத் தேர்தல்களில் 19 இடத்தில் நின்று 19லும் தோற்றது. ஆக, பெட்டியில் இந்த அரசியல் இல்லை. ஆனால் பிள்ளைகள் வாயில் இருக்கிறது!

துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டை வாசலில் சாப்பாடு டெலிவரிப் பையோடு நிற்கும் ஒரு தம்பியைக் கேட்டேன். யாருக்குப்பா உன் ஓட்டு? "அண்ணே, எனக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேணாம். தொந்தரவு பண்ணாம இருந்தாப் போதும். எனக்கு நான்தான் முதலாளி." அவன் அர்ஜென்டினாவைப் படித்துவிட்டா இதைச் சொல்கிறான்? எஸ்பிஎம் தேர்வில் வரிசையாக ஏ வாங்கினான். மெட்ரிகுலேஷன் கதவைத் தட்டினான், திறக்கவில்லை. பிறப்பைப் பார்த்து அளந்து கொடுக்கும் கதவு அது. பத்து ஏ எடுத்தால் இனம் பாராமல் இடம் உண்டு என்று 2024இல் அறிவித்தார்கள். வரவேற்கிறேன். ஒன்பது ஏ எடுத்த பிள்ளை என்ன பாவம் செய்தது? கைதட்டாதீர்கள், பதில் சொல்லுங்கள்!

அந்தப் பிள்ளை கதவைத் தட்டிக்கொண்டு நின்றபோது எங்கே போனார்கள் நம் அரசியல்வாதிகள் சிலர்? பெயர் சொல்ல மாட்டேன். தேர்தல் வந்தால் அரிசி மூட்டையோடு வருகிறார்கள். மூட்டையின் மேல் அரிசியின் பெயரைவிடப் பெரிதாகத் தங்கள் படம்! வாங்கும் கிழவியை நிற்கவைத்துப் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். அந்தக் கிழவிக்கு இன்னும் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டை. அறுபது வருடம் இந்த மண்ணில் பால் வெட்டியவளுக்கு நீல அட்டை வாங்கித் தர முடியாதவனுக்கு அவள் முகம் மட்டும் எதற்கு? இதைப் பார்த்து வளர்ந்த பேரன், எனக்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வான்?

தம்பி, உன் கோபம் என் கோபம். ஆனால் அரசு தள்ளி நின்றால் எப்படி இருக்கும் என்று உன் பாட்டியைக் கேள். அரசு தள்ளி நின்ற இடத்தில்தான் அவள் பிறந்தாள். அதற்குப் பெயர் எஸ்டேட். ரோடு கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை எல்லாம் தோட்ட எல்லைக்குள். கரண்டு கேட்டால், குழாய்த் தண்ணீர் கேட்டால், "இது தனியார் நிலம்" என்று அரசாங்கம் கையை விரித்தது. பக்கத்துக் கம்பத்துக்கு வந்த கிராம மேம்பாட்டுப் பணம் கங்காணி வீட்டு வேலியோடு நின்றது. பள்ளிக்கூடம்கூடத் துரை மனமிரங்கிக் கட்டியதல்ல. பத்துப் பிள்ளை இருந்தால் பள்ளி வை என்று 1923 தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியதால் வந்தது. சட்டம் தொட்ட இடத்தில் மட்டும் நம் பிள்ளைக்கு எழுத்துக் கிடைத்தது!

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரன் தோட்டங்களை விற்றான். வாங்கியவன் துண்டு போட்டு விற்றான். திறந்த சந்தை! தடுக்க ஆளில்லை. வேலையும் போனது, வீடும் போனது. அப்போது ஒருவர் வந்தார். அவர் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை, நீங்கள் சொல்லுங்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அமைச்சராக இருந்தும் லயத்து வாசலில் வந்து நின்றவர். பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். ஆம், அவரேதான்! 1960இல் பிறந்தது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். நாள் கூலிக்காரி சேலை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்த வெள்ளியில் தோட்டங்கள் வாங்கினோம். அரசாங்கத்திடமும் கெஞ்சவில்லை, தனியாகவும் நிற்கவில்லை.

அந்த மனிதரை நினைத்துவிட்டால் என்னால் வேறு பேச்சுக்குப் போக முடிவதில்லை. அவருக்கு அப்புறம் எத்தனை பேர் அந்தத் தலைவர் நாற்காலியைத் தேடி வந்தார்கள்! நாம் கொடுத்த சேமிப்புக்கெல்லாம் கணக்குக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள், பிள்ளைகளுக்கு அரசியலில் நம்பிக்கை இல்லை என்று மேடையில் வருத்தப்படுகிறார்கள். நம்பிக்கையைத் தின்றது யார்?

நான்தான் முதலாளி என்று சொன்ன தம்பிக்கு வருகிறேன். மழையில் சறுக்கி விழுந்தாயே, எந்த முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தான்? ஆப்பில் உன் கணக்கை முடக்கினால் யாரிடம் போய் முறையிடுவாய்? 2025 ஆகஸ்டில் மக்களவையில் கிக் தொழிலாளர் மசோதா நிறைவேறியது. உன்னைப் போல நாட்டில் பத்து லட்சம் பேருக்கு மேல். உனக்கு முறையிட ஓர் இடம் வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அரசு அதற்கு வேண்டும், பிறப்பைப் பார்த்துக் கதவை மூடுவதற்கு வேண்டாம். இரண்டையும் ஒரே ஓட்டில் கேட்கலாம் தம்பி!

கேட்பதற்கு வாக்காளர் பட்டியலில் உன் பெயர் சரியான இடத்தில் இருக்க வேண்டும். 18 வயதானால் பெயர் தானாக ஏறும், ஆனால் மைகாட் அடையாள அட்டையில் உள்ள முகவரிப்படிதான் ஏறும். உங்களில் எத்தனை பேர் அட்டையில் இன்னும் பழைய தோட்டத்து முகவரி? தாமானில் குடியிருக்கிறீர்கள், அட்டை எங்கோ இருக்கிறது. முதலில் ஜேபிஎன் பதிவிலாகாவுக்குப் போய் முகவரியை மாற்றுங்கள், அடுத்து எஸ்பிஆர் தேர்தல் ஆணையத்தில் வாக்களிக்கும் இடத்தை மாற்ற விண்ணப்பியுங்கள். தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு தங்கைகள் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அட்டை எண்ணைத் தட்டிப் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள். மோட்டாரைக் கிளப்புவதற்கு முன் அங்கே போய்விட்டுப் போங்கள்.