பனியில் அணையும் அடுப்பு

வடக்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் குளிர்காலம் வந்துவிட்டதை முதலில் அறிவிப்பது தேங்காய் எண்ணெய். ஐப்பசி கழிந்ததும் தில்லியிலும் சண்டிகரிலும் அது புட்டிக்குள் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். வெயிலில் வைக்கிறோம், அல்லது வெந்நீரில் நிறுத்துகிறோம், இளகிவிடுகிறது. இந்தப் பழக்கத்தையும் உடன்கொண்டே நம்மவர் இன்னும் மேலே, மலைநாட்டுக்கு ஏறுகிறார்கள். இராணுவத்திலும், எல்லைச் சாலைப் பணியிலும், வங்கி, பள்ளி முதலிய அலுவல்களிலும் அமர்ந்து லே, கார்கில், ஸ்பிதி போன்ற இடங்களில் பனிக்காலத்தைக் கழிக்கும் தமிழர் உண்டு. அங்கே ஒரு விடியற்காலையில் காஸ் அடுப்பின் சுடர் சிறுத்து, துடித்து, அணைந்துபோகிறது. சிலிண்டரை அசைத்துப் பார்த்தால் கனக்கிறது. உள்ளே ஏதோ தளும்புகிறது. ‘காஸ் உறைந்துவிட்டது’ என்று முடிவு கட்டி, தேங்காய் எண்ணெய்க்குச் செய்த வைத்தியத்தையே அதற்கும் செய்யத் தொடங்குகிறோம். ஆபத்து அங்கேதான் தலைகாட்டுகிறது.

காஸ் உறையவில்லை. சிலிண்டரில் நாம் வாங்குவது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு பொருள்களின் கலவை. பியூட்டேன் கட்டியாக உறைய வேண்டுமானால் உறைநிலைக்குக் கீழ் 138 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர வேண்டும். புரொப்பேனுக்கு 188 டிகிரி. பூமியின் மேல் எந்த ஊரிலும் அத்தகைய குளிர் கிடையாது. டீசலின் கதை வேறு. அதிலுள்ள மெழுகு குளிரில் கட்டிப்போவது மெய். அதனால்தான் 2019-ஆம் ஆண்டில் லடாக்கிற்கென்று உறைநிலைக்குக் கீழ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் வெளியிட்டது. காஸின் நோய் உறைதல் அன்று, ஆவியாக மறுத்தல்.

சிலிண்டருக்குள் இருப்பது வாயு அன்று, பெரும்பாலும் திரவம். அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்ட அப்பொருள் சிறுகச் சிறுக ஆவியாகி, மேலே வெற்றிடமாக விடப்பட்ட பகுதியில் திரண்டு, ரெகுலேட்டர் வழியாக அடுப்புக்கு வருகிறது. ஒரு பங்கு திரவம் ஏறத்தாழ 250 பங்கு வாயுவாக விரியும். நீர் 100 டிகிரியில் கொதிப்பதுபோல், பியூட்டேன் உறைநிலைக்கு அரை டிகிரி கீழேயே கொதித்துவிடும். புரொப்பேன் கீழே 42 டிகிரியில் கொதிக்கும். சென்னையில் சிலிண்டருக்குள் எந்நேரமும் கொதிக்கத் துடித்துக்கொண்டிருக்கும் பொருள், லே நகரத்தில் தை மாதத்து இரவில், வெளியே உறைநிலைக்குக் கீழ் 15 டிகிரி நிலவும்போது, சிலிண்டரின் அடியில் வெறும் நீரைப்போல் கிடக்கிறது. கீழே 10 டிகிரியிலேயே பியூட்டேனின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் முக்கால் பங்குகூட இராது. புரொப்பேனுக்கோ அதே குளிரில் மூன்றரை மடங்கு அழுத்தம் இருக்கும். மலையின் உயரம் இங்கே நமக்குச் சிறிது துணை செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லேயில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்; ஆகவே பியூட்டேன் அங்கே இன்னும் பத்து டிகிரி தாழ்ந்த நிலையிலும் கொதிக்கும். ஆனால் திராஸின் குளிருக்கு அந்தச் சலுகை போதாது.

கனடா, அலாஸ்கா முதலிய இடங்களில் வீட்டுக்கு வெளியே, பனிக்கு நடுவிலேயே பெரிய தொட்டிகள் நிற்கின்றன. அவற்றில் இருப்பது பெரும்பாலும் தனிப் புரொப்பேன். அங்கும் கீழே 40 டிகிரியை நெருங்கினால் அதுவும் சோர்ந்துவிடும். பிரான்சில் வீட்டுக்குள் வைக்கப் பியூட்டேன், வெளியே வைக்கப் புரொப்பேன் என்று தனித்தனியாகவே விற்கிறார்கள். வெப்ப நாடாகிய நம் நாட்டின் சிலிண்டரில் பியூட்டேன் மிகுதி. சமவெளியின் கோடைக்கு அதுவே தக்கது.

இரண்டும் கலந்திருப்பதால் இன்னொன்றும் நிகழ்கிறது. எளிதில் ஆவியாகும் புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறிவிடும். நாள் செல்லச் செல்ல உள்ளே தங்குவது பியூட்டேன். அதனால்தான் புதுச் சிலிண்டர் கடுங்குளிரிலும் சில வாரம் நன்றாக எரிந்து, பிறகு திடீரென்று கைவிடுகிறது. ‘தீர்ந்துவிட்டது’ என்று அதைத் திருப்பி அனுப்புபவர், காசு கொடுத்து வாங்கிய பொருளில் சில கிலோவை அப்படியே திருப்பிக் கொடுக்கிறார். சோஜிலா கணவாய் பனியால் அடைபட்டிருக்கும் நாட்களில் அது காசின் இழப்பு மட்டும் அன்று. சில நாள் சமையலின் இழப்பு. தீர்ந்ததா இல்லையா என்று அறியத் தராசு ஒன்றே வழி. வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பட்டையில் பொறிக்கப்பட்டிருக்கும். நிறுத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் உள்ளே இருப்பது தெரியும். வீட்டுச் சிலிண்டர் முழுமையாக இருக்கையில் அது 14.2 கிலோ.

இனி, ஆவியாவதற்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது? இதை நம் பாட்டிமார் அறிவார்கள். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிடமிருந்தே வெப்பத்தைப் பறித்துக்கொள்கிறது. சிலிண்டரும் ஒரு பானைதான். ஒரு கிலோ காஸ் ஆவியாக ஏறத்தாழ 100 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிலோ எரியும்போது ஏறக்குறைய 11,000 கிலோகலோரி தருகிறது. நூற்றில் ஒரு பங்குகூட ஆகாத சிறு கடன். ஆனால் அதை அடுப்பிலிருந்து வாங்க முடியாது, சிலிண்டரைச் சூழ்ந்த காற்றிடமிருந்தே வாங்கியாக வேண்டும். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பெரிய அடுப்புகளை ஒருங்கே மூட்டும்போது சிலிண்டரின் உடம்பில் முத்து முத்தாக வியர்த்து, சில சமயம் வெண்பனியே படரும். சமையல்காரர்கள் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திவைப்பதன் காரணம் இதுதான். நம் ஊர்த் தண்ணீரின் 28 டிகிரியே அதற்கு வெப்பக் களஞ்சியம். அந்த வித்தையை லடாக்கில் செய்து பார்ப்பவர் காலையில் சிலிண்டரைப் பனிக்கட்டியிலிருந்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் விளங்கினால், செய்யவேண்டியவை தாமே விளங்கும். சிலிண்டரைத் தாழ்வாரத்திலோ, கல்தரையிலோ, பனி ஒதுங்கும் சுவரோரத்திலோ வைக்காமல், காற்றோட்டமுள்ள சமையலறைக்குள் பலகையின் மேல் நிறுத்துவது முதல் வேலை. தெற்கு நோக்கிய, வெயில் படும் அறையானால் மிக நன்று. கம்பளியால் போர்த்துவதைப் பலர் செய்கிறார்கள். அதனால் பயன் இல்லை என்பதோடு தீங்கும் உண்டு. கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடம்பில் பிறக்கும் வெப்பத்தைக் காக்கிறது. சிலிண்டரில் பிறப்பது குளிர். போர்த்திவிட்டால் வெளிக்காற்றின் வெப்பம் உள்ளே வரும் வழியைத்தான் அடைக்கிறோம். கொதிநீரை மேலே ஊற்றுவதும் அப்படியே. சிறிது நேரம் சுடர் எழும், பிறகு அந்நீர் சிலிண்டரின் அடியைச் சுற்றி உறைந்து இன்னும் குளிரைச் சேர்க்கும்.

அடுப்பு கேட்கும் அளவைக் குறைப்பது அடுத்த வழி. இரண்டு பர்னர்களையும் முழுதாகத் திறந்தால், சிலிண்டர் தன்னையே விரைவில் குளிர்வித்துக்கொண்டு ஓய்ந்துவிடும். ஒன்றை நடுத்தரமாக எரித்தால் வெகுநேரம் ஈடுகொடுக்கும். லேயில் நீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் துவரம்பருப்பு திறந்த பாத்திரத்தில் எளிதில் வேகாது. பிரஷர் குக்கர் அங்கே வசதிப் பொருள் அன்று, கட்டாயம். பருப்பை முன்னதாக ஊறவைத்தால் காஸ் இன்னும் மிச்சம். வீட்டில் இரண்டு சிலிண்டர் உடையவர்கள், திரவம் நிறைந்ததை விடியற்காலைக்கும் குறைந்ததை நடுப்பகலுக்கும் வைத்துக்கொள்ளலாம். திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவு சுவரின் வழியாகத்தான் வெப்பம் நேரே அதனுள் செல்லும். ஆகவே நிறைந்த சிலிண்டர் குளிரை அதிகம் தாங்கும்.

சில வேளைகளில் சிலிண்டரில் குறை இராது. ரெகுலேட்டரின் மெல்லிய துளையில் ஈரம் பனிக்கட்டியாய் அடைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சற்று நேரம் சுற்றினால் போதும். இணைக்காத சிலிண்டரின் வாயை மூடியால் மூடிவைத்தால் பனித்தூள் உள்ளே புகாது. ரப்பர்க் குழாய் குளிரில் விறைத்து, வளைக்கும் இடத்தில் வெடிக்கும். மாதம் ஒருமுறையேனும் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பது நன்று.

செய்யத் தகாதவற்றைக் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறோம். சிலிண்டரின் அருகே கரிச்சட்டி வைப்பது, பந்தம் காட்டுவது, மின்சாரச் சுருளடுப்பை அடியில் தள்ளுவது ஆகிய மூன்றும் உயிரோடு விளையாடுவது. 50 டிகிரிக்கு ஏறினாலே புரொப்பேனின் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் சுமார் 17 மடங்காகும். நெருப்பு ஓரிடத்தில் படும்போது அந்த இடத்து எஃகும் வலுவிழக்கும். சிலிண்டரைச் சாய்ப்பதும், கவிழ்ப்பதும், படுக்கவைப்பதும் அதே வகை. அப்போது ரெகுலேட்டருக்குள் வாயுவுக்குப் பதில் திரவமே நுழைகிறது. அது பர்னரில் 250 மடங்காக விரிந்து எரிந்தால் சுடர் கூரையைத் தொடும்.

இவற்றினும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அழுத்தம் குன்றி அடுப்பு தானாக அணைகிறது. சமைப்பவர் சலித்துக்கொண்டு, திருகை மூடாமலே எழுந்து போகிறார். பத்து மணிக்கு வெயில் ஏறுகிறது, அறை சூடாகிறது, சிலிண்டருக்குள் திரவம் மறுபடி ஆவியாகத் தொடங்குகிறது. இப்போது எரியாத காஸ், திறந்த பர்னர் வழியே அறைக்குள் வழிகிறது. அது காற்றைவிடக் கனமானது. பியூட்டேன் இரு மடங்கு. மேலே எழாது தரையோடு தரையாகப் பரவும். குளிருக்காகக் கதவிடுக்கையும் சன்னலையும் துணியால் அடைத்திருக்கும் வீட்டில் அது வெளியேற வழி ஏது? கண்டுகொள்வதற்கென்றே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள்; ஆனால் சளியால் மூக்கடைத்தவருக்கு அது பயன்படாது. எனவே சுடர் அணைந்த கணத்திலேயே அடுப்புத் திருகையும் ரெகுலேட்டரையும் மூடிவிட வேண்டும். நாற்றம் தெரிந்தால் விளக்கின் சுவிட்சைத் தொடாமல் கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். நாடு முழுதும் காஸ் கசிவுக்கு உரிய எண் அது. புகாரி என்னும் கணப்படுப்பு எரியும் அறையில் சிலிண்டரை வைக்கலாகாது என்பதற்கும் காரணம் இதுவே.

காஸ் அடுப்பைக் குளிர்காயும் கணப்பாக எரியவிட்டு உறங்குவதை நாம் ஒருபோதும் ஒப்ப முடியாது. மேலே சொன்னபடி அங்கே காற்று மெலிந்தது. அடைத்த அறையில் சுடருக்கு ஆக்சிஜன் குறையக் குறையக் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை இரத்தத்தில் அது பற்றிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் வருவதை உயரத்தின் அசதி என்று எண்ணிப் படுத்துவிடுவார்கள். சுடர் நீலம் மாறி மஞ்சளாக நீண்டால் அதுவே எச்சரிக்கை. சமைக்கும் நேரத்திலேனும் மேலும் கீழும் ஒவ்வோர் இடுக்கு திறந்திருக்கட்டும். கை விறைக்கிறதே என்று குடும்பத்தார் முணுமுணுப்பார்கள்; முணுமுணுக்கட்டும்.

பங்குனியில் பனி இளகும்போது, குளிர்காலத்தில் ‘காலி’ என்று முற்றத்தில் ஒதுக்கிய சிலிண்டர்கள் மறுபடி உயிர் பெறும். அவற்றுள் எஞ்சிய பியூட்டேன் நடுப்பகல் வெயிலில் நன்றாகவே எரியும். குழந்தைகள் அவற்றை உருட்டி விளையாட விடாமல், வாயில் மூடியோடு நிமிர்த்தி வைத்து, ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்த பிறகே முகவரிடம் கொடுக்கலாம்.