மாரிக்குப்பம் ரயிலும் முறிந்த இடுப்பும்

பெங்களூரு வேலை முடித்து மாரிக்குப்பத்தில் ரயிலிறங்கி நேரே மைதானத்துக்கு வந்திருக்கும் தம்பிமார்களே!

நம் கோலார் தங்கவயலின் மைன்ஸ் லைன் குடியிருப்பில் ஒரு பாட்டி. விடியுமுன் வெளிக் கழிப்பறைக்குப் போனவள் கால் வழுக்கி விழுகிறாள். இடுப்பு போச்சு. வீட்டில் முதலில் என்ன சொல்வார்கள்? அதோ, பின்வரிசையிலிருந்தே பதில் வருகிறது: புத்தூர் கட்டு!

அந்தக் கட்டை ஏசுவதற்கு இந்த மேடை போடவில்லை. கை முறிந்து அங்கே போய்க் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நூறு பேர் இருப்பார்கள். தொடை எலும்பின் கழுத்து வேறு சங்கதி. அது முறிந்தால் எலும்பின் தலைக்குப் போகிற ரத்தமே அறுந்துபோகலாம். வெளியே எத்தனை மூங்கில் பத்தை வைத்தாலும் உள்ளே சேராது. ஸ்க்ரூவோ செயற்கை மூட்டோ வைக்க வேண்டும், அதையும் இரண்டு நாளுக்குள் வைப்பது நல்லது என்கிறார்கள் டாக்டர்கள். கிடையாய்க் கிடந்தால் படுக்கைப்புண், ரத்தக்கட்டி, நிமோனியா. விழுந்தவர் தாத்தா என்றால்? சுரங்கத்தில் முப்பது வருஷம் பாறைத்தூசி குடித்த நெஞ்சு. சிலிகோசிஸ்காரரை மல்லாக்கப் படுக்கவைத்தால் ராத்திரி எப்படிப் போகும் என்று அவர் சம்சாரத்தைக் கேளுங்கள்.

"இலவச சிகிச்சை அட்டை கொடுத்திருக்கிறோமே" என்பார்கள் சிலர். பெயர் வேண்டாம். தேர்தலுக்குத் தேர்தல் வெள்ளைக் காரில் வருகிறவர்கள். கைதட்டுங்கள், அவர்களுக்கும் கேட்கட்டும்! அட்டை இருக்கிறது, யார் இல்லை என்றது? கர்நாடகத்தில் பிபிஎல் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஏபிஎல்லுக்குப் பாக்கேஜ் தொகையில் 30 சதவீதம். ஆபரேஷன் முடிந்துவிடும். பெங்களூரு வரை சுமார் 100 கிலோமீட்டருக்கு ஆம்புலன்ஸ் வாடகை யார் தருவது? துணைக்குப் படுக்கிற மகளின் மூன்று வாரக் கூலி? வாக்கர், டயப்பர், பிசியோதெரபிக்கு ஆட்டோ? அட்டையைத் தேய்த்தால் ஆட்டோ ஓடுமா?

2017இல் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. இடுப்பு மூட்டு அந்த உத்தரவில் இல்லை. டெல்லியில் முழங்கால் வலிக்காரர்கள் அதிகம் போலிருக்கிறது!

வெள்ளைக் காரைப் பற்றிப் பேசினால் விடிந்துவிடும். ஆஸ்பத்திரிக்கு வருவோம். 1902இலேயே சிவனசமுத்திரத்து மின்சாரம் வந்த ஊர் இது. 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடித்து நசுங்கினவன் மேலே வந்தால் சாம்பியன் ரீஃப் சுரங்க ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கட்டில் இருந்தது. இதே மண்ணிலிருந்து 800 டன் தங்கம் போனது. 2001இல் சுரங்கம் மூடியது, ஆஸ்பத்திரிக்கும் பூட்டு.

இருபது வருஷம் கழித்து, 2021 கொரோனாவில், அந்தப் பூட்டைத் திறந்தது யார்? இந்த ஊர்த் தொண்டர்கள். ஒட்டடை அடித்தார்கள், புதர் வெட்டினார்கள், தரையைக் கழுவினார்கள். கொரோனா நோயாளிகளுக்குக் கட்டில் போட முடிந்தது. அதே கட்டடத்தில் ஓர் எலும்பு டாக்டர், ஒரு மயக்க டாக்டர், ஒரு எக்ஸ்ரே என்று கேட்டால் மட்டும் "பரிசீலனை"! அந்தச் சொல்லுக்கு ஒரு கட்டில் போட்டால் அதுவும் கிடையாய்க் கிடக்கும்.

அன்றைக்குத் துடைப்பம் பிடித்த ஒருவர் அந்த வேப்பமரத்தடியில் நிற்கிறார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லப்போவதில்லை. சிறப்பு விருந்தினருக்கு வாங்கிய சால்வை இது. விருந்தினர் கார் இன்னும் வரவில்லை. அண்ணே, மேலே வாங்க.