கொடுப்பதே கடினம்

நடுவர் அவர்களே! மன்னிப்புக் கேட்பதுதான் கடினமாம். எதிரணித் தம்பி முழங்கிவிட்டுப் போகிறார்!

இயேசு கற்றுத்தந்த ஜெபம் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கடவுளைத் தந்தை என்று கூப்பிடச் சொல்கிறார். அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்க என்னங்க கஷ்டம்? ஆனால் அதே ஜெபத்தில் ஒரு கொக்கி! பிறரை மன்னித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஏன்? அவர் எனக்கு அப்பா என்றால், என் எதிரி எனக்கு அண்ணன் தம்பி ஆகிவிடுகிறானே!

1981 மே 13-இல் போப் இரண்டாம் ஜான் பால் சுடப்பட்டார். நான்கே நாளில், ஆஸ்பத்திரியில் இருந்தபடியே, சுட்டவனைச் சகோதரன் என்று சொல்லி மன்னித்தார். 1983-இல் சிறைக்கே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்.

கேட்பதற்கு முழங்கால் மடங்கினால் போதும். கொடுப்பதற்கு மனசு மடங்கணும். எதுங்க கடினம்?